ரெக்சின் மெத்தை

இரவு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு மனைவியின் தலையில் முதல் ஒயர் ஒட்டப்பட்டது.

மெத்தைக்காரர் எதிர்ச் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் அளவு நாடாவை அவள் நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை பிடித்தான். சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தான். முடியை விலக்கி, பஞ்சால் தேய்த்து, வெள்ளைப் பசையில் ஒயரின் நுனியை வைத்து அழுத்தினான். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை.

"வலிக்குதாக்கா?"

"இல்ல தம்பி."

அக்கா, தம்பி. மருத்துவமனைக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"எத்தனை ஒயர்?" என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"தலை, முகம், நெஞ்சு, கால் எல்லாம் சேர்த்து இருபது சொச்சம் வரும் சார்."

"அத்தனையும் நீங்கதான் ஒட்டுவீங்களா?"

"நான்தான் சார். நைட் டியூட்டிக்கு ஒரே ஆளு."

மனதுக்குள் அவனுக்கு ஒயர்க்காரன் என்று பெயர் வைத்தார். அவருக்கு இருந்ததும் தெரு வைத்த பெயர்தான். கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர்.

மனைவி தூங்கி நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது இரவில் எழுந்து எழுந்து பழகியது. அப்பா போய்ச் சேர்ந்தார். பழக்கம் போகவில்லை. தெரு இதைச் சும்மா விடவில்லை.

"ஊருக்கெல்லாம் தூக்கம் விக்கிறீங்க. வீட்டுக்கு மட்டும் ஸ்டாக் இல்லையாமே" என்றார் எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரர்.

மெத்தைக்காரர் சிரித்து வைத்தார். அன்றைக்கே வீட்டு மெத்தையை மாற்றினார். பஞ்சு, நார், ரப்பர், ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர். கடைக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் அவள் படுத்தாள். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்பார். பிறகு இருட்டில் கேட்பார்.

"தூங்கிட்டியா?"

"இல்லைங்க."

பாதி ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தால் மறுபடி கேட்பார். அதே பதில் வரும். அடுத்த வாரம் வேறு மெத்தை வரும்.

தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் நன்றாகத் தூங்கினேன் என்பாள். அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அக்கா வீட்டுக் கட்டிலில் கிடப்பது அவர் கடை மெத்தை. "இதுவும் அதேதான். ஒரே நாள்ல தைச்சது" என்று வீட்டு மெத்தையைத் தட்டிக் காண்பிப்பார். அவள் விரிப்பை இழுத்துச் சரிசெய்வாள்.

போன வாரம் ஒன்று சொன்னாள். இந்தத் தூக்கப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாவிட்டால் கொஞ்ச மாதம் அக்கா வீட்டில் இருந்து பார்க்கிறேன் என்றாள். அக்காவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாளாம். மெத்தைக்காரர் சரி என்றார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய், நன்றாகத் தைத்திருந்த ஒரு மெத்தையைப் பிரித்து மறுபடி தைத்தார்.

இந்த ராத்திரி அவருக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அவள் இங்கேயும் தூங்கக் கூடாது. தூங்கினால் குறை வீட்டில்தான் என்று ஆகிவிடும்.

"சார், இந்த ரெண்டு பெல்ட்டையும் நீங்களே கட்டிடுங்க. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு வயித்துல." ஒயர்க்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

மெத்தைக்காரர் எழுந்தார். கட்டுவது அவர் தொழில். சணலை அவர் இழுத்துக் கட்டினால் மெத்தையின் ஓரம் ஆயுசுக்கும் நெகிழாது. அதே கையால் கட்டினார்.

ஒயர்க்காரன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பெல்ட்டைப் பார்க்கவில்லை.

"இறுக்குதாக்கா?"

"கொஞ்சம்."

"சார், ரெண்டு விரல் போகணும். அவங்க மூச்சு விட வேணாமா?"

"பார்சல் கட்டற மாதிரி கட்டிட்டாரு தம்பி" என்று அவள் சிரித்தாள். ஒயர்க்காரனும் சிரித்தான்.

மெத்தைக்காரர் பெல்ட்டைத் தளர்த்தினார். இறுக்குகிறது என்று என்னிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா என்று கேட்க வந்தது. விழுங்கிக்கொண்டார்.

கன்னத்தில் ஒட்டிக்கொண்டே ஒயர்க்காரன் கேள்வி கேட்டான். எத்தனை மணிக்குப் படுப்பீங்க, பகல்ல தூங்குவீங்களா, காபி குடிப்பீங்களா. அவள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"படுத்ததும் மனசுல என்ன ஓடும்?"

"இன்னைக்காவது தூங்கிடணும்னு ஓடும். பரீட்சை எழுதப் போற மாதிரி இருக்கும் தம்பி."

"தினமுமா?"

"அக்கா வீட்டுல இருந்தா இருக்காது."

ஒயர்க்காரன் தலையாட்டிவிட்டு அடுத்த ஒயரை எடுத்தான். மெத்தைக்காரர் சோபாவின் கைப்பிடியை அழுத்தினார். மட்டமான ஃபோம். நான்கு வருடத்தில் இந்தப் பரீட்சையைப் பற்றி அவள் அவரிடம் மூச்சு விட்டதில்லை. வழியில் போகிறவனிடம் கொட்டுகிறாள்.

வேலை முடிந்ததும் அவள் ஒயர்களைச் சடை மாதிரி ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். மெத்தைக்காரர் கட்டிலருகே போய் விரிப்பைத் தூக்கினார்.

பச்சை ரெக்சின் உறை. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. முஷ்டியால் அழுத்தினார். வெட்டி எறிந்த ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டியது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பக்கம் சரிந்தும் இருந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மனசுக்கு நிறைவாக இருந்தது. இதில் படுத்து எவரும் தூங்க முடியாது.

"இதுலயா படுக்க வைக்கிறீங்க?"

"ஏன் சார்?"

"நடுவுல உக்காந்துடுச்சு."

"யாரும் எதுவும் சொன்னதில்ல சார்."

"எப்படிச் சொல்லுவாங்க? தூங்காதவங்கதானே இங்க வராங்க. பழியைத் தங்க மேலயே போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க."

பாத்ரூம் கதவு திறந்தது. "அவரு மெத்தைக் கடை வெச்சிருக்காரு. கண்டுக்காதீங்க தம்பி" என்றாள். விருந்துக்குப் போன இடத்தில் குழந்தை எதையோ இழுத்துப் போட்டுவிட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மெத்தைக் கடையா! அப்ப நீங்க குடுத்து வெச்சவங்க."

"ஆமா. உலகத்துல இருக்கற மெத்தை எல்லாம் பாத்தாச்சு."

அவள் ஏறிப் படுத்தாள். ஒயர்க்காரன் ஒயர்களைத் தலைமாட்டில் இருந்த சின்னப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகினான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டது அவன்தான். மெத்தைக்காரரின் கை ஒரு கணம் பிந்திவிட்டது.

"சார், ஒரே ஒரு விஷயம். லைட் அணைச்சதுக்கப்புறம் பேசக் கூடாது. மேல கேமரா இருக்கு, இருட்டுலயும் தெரியும். மைக்கும் இருக்கு. ஏதாவது வேணும்னா கையத் தூக்குங்க. பக்கத்து ரூம்ல பாத்துக்கிட்டே இருப்பேன்."

"தெரியும்" என்றார் மெத்தைக்காரர்.

உண்மையாகவே தெரியும். கடையில் புதிதாகச் சேருகிற ஆட்களுக்கு முதல் நாளே அவர் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் படுத்துப் பார்க்கும்போது வாயைத் திறக்காதே. எப்படி இருக்கு என்று கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்தவர் வாங்க மாட்டார்.

விளக்கு அணைந்தது. சுவரில் இருந்த ஸ்பீக்கர் லேசாக இரைந்தது.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது."

இருட்டில் அவன் குரல் மாறியிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"கண்ணைத் திறந்து அப்படியே மேல பாருங்க. சரி. இப்ப மூடிக்குங்க. தலையை அசைக்காம இடது பக்கம் பாருங்க. வலது பக்கம். நல்லது. அஞ்சு தடவை கண்ணைச் சிமிட்டுங்க. பல்லைக் கடிங்க. விடுங்க. மூச்சை நிறுத்துங்க… விட்டுடலாம். இடது பாதத்தை ஆட்டுங்க."

போர்வைக்குள் பாதம் ஆடுவது கேட்டது. ஜன்னலைச் சாத்து என்றால், உங்களுக்குக் கை இல்லையா என்று கேட்கிறவள். மெத்தைக்காரர் தானும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினார்.

"அவ்வளவுதான்க்கா. உங்க வேலை முடிஞ்சுது. இனிமே தூங்கினாலும் சரி, தூங்காட்டியும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பதிவானா போதும்."

"நீங்க தூங்கிடாதீங்க தம்பி."

"தூங்கினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா."

அவள் சிரித்தாள். ஸ்பீக்கர் நின்றது.

மெத்தைக்காரர் சோபாவில் கால் மடக்கிப் படுத்தார். அவள் தூங்காமல் இருப்பது எப்படிக் கேட்கும் என்று அவருக்கு அத்துபடி. முதலில் தலையணையைத் திருப்புவாள். எச்சில் விழுங்குவாள். புரண்டு படுத்து ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு மறுபடி தலையணை. அவர் தலையணைக்காகக் காத்திருந்தார்.

அது திரும்பவில்லை.

மூச்சு சீரானது. இடைவெளி நீண்டது. உதடுகள் மெல்லப் பிரிகிற ஒரு சின்னச் சத்தம் வந்தது. கல்யாணமான புதிதில் அவருக்குத் தெரிந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை தொடங்கியது.

மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

தலை நிறையப் பசை. மூக்கில் குழாய், விரலில் கிளிப், உடம்பு முழுக்க ஒயர். கீழே பள்ளம் விழுந்த ரெக்சின் மெத்தை. அதன் மேல் குறட்டை. நடிக்கிறாளோ என்று நினைத்தார். நடிப்பதற்கு அவளுக்கு என்ன வந்தது? பிறகு எது? அந்தக் குரலா? இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க. அவர்கூடச் சொல்லியிருப்பாரே. நான்கு வருடம் கால் பிடித்துவிட்டிருக்கிறார். பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். கட்டிலோர மேசையில் இருந்த கடிகாரத்தின் சத்தம் அவளைத் தொந்தரவு செய்கிறது என்று அதை எடுத்துக் கூடத்தில் வைத்திருக்கிறார். அதற்கெல்லாம் வராத தூக்கம் யாரோ ஒருத்தன் ரெண்டும் ஒண்ணுதான் என்றதும் வந்துவிட்டது.

கேமராவின் சிவப்புப் புள்ளி மூலையில் எரிந்தது. பக்கத்து அறையில் அவன் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். டீயைக் குடித்துக்கொண்டே, திரையில், மேலிருந்து, தெளிவாக. அவருக்குத் தெரிவது போர்வையின் மேடு மட்டும். அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து நான்கு வருடம். இன்றைக்கு அந்த முகம் வந்திருக்கிறது, அவனுக்குத் தெரிகிறது.

எழுந்து கட்டிலருகே போனார். பழக்கத்தில் மெத்தையின் ஓரத்தை முஷ்டியால் அழுத்தினார். கட்டில் சற்று ஆடியது. அவள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். குறட்டை நின்று மறுபடி தொடங்கியது.

அவர் குனிந்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்லைங்க" என்றாள்.

உடனே சொன்னாள். வீட்டில் சொல்கிற அதே குரல், அதே வேகம். சொன்ன பிறகுதான் விழித்தாள். மூச்சு அறுபட்டது. உடம்பு விறைத்தது. கை, கடிகாரத்தைத் தேடி இல்லாத மேசையைத் துழாவியது. வீட்டிலும் இப்போது அங்கே கடிகாரம் இல்லை.

மெத்தைக்காரர் இரண்டே எட்டில் சோபாவுக்குப் போய்விட்டார்.

ஸ்பீக்கர் இரைந்தது. "ஒண்ணுமில்லக்கா. ஒரு ஒயர் சரியா இருக்கான்னு பாத்தேன். படுத்துக்குங்க."

"சரி தம்பி."

தலையணை ஒரு முறை திரும்பியது. அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அதிக நேரம் ஆகவில்லை. குறட்டை மறுபடி வந்தது.

அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே இருந்தார். சொன்ன பிறகு விழித்தாள். அதையே சுற்றிச் சுற்றி வந்தார். பஞ்சு மெத்தையில் கேட்டது, நார் மெத்தையில் கேட்டது, ஸ்பிரிங் மெத்தையில் கேட்டது. ஒவ்வொன்றிலும் அவள் இல்லைங்க என்றது. கடைசியில் தன் கடைச் சரக்கையே குறை சொல்லி, மெத்தை வாங்குகிற இரண்டு கம்பெனிகளை அவர் மாற்றியது.

விடிந்ததும் பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க சார். டீ?"

"வேணாம்."

திரையின் ஒரு பாதியில் கோடுகள் ஓடின. மறு பாதியில் அவள். சாம்பல் நிறத்தில், வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் சுருக்கமே இல்லாமல். ஒயர்க்காரன் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டான். மெத்தைக்காரர் நின்று பார்த்தார். தன் மனைவியைப் பார்க்க அவன் இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

"நல்லாத் தூங்கறாங்க சார். வீட்டுல தூங்காதவங்க சில பேரு இங்க வந்து தூங்குவாங்க."

"மெத்தை நல்லா இருக்கும்போல" என்றார்.

ஒயர்க்காரன் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கோடுகளைப் பின்னால் ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினான். அகலமாக அலையடித்துக்கொண்டிருந்த கோடுகள் அங்கே திடீரென்று நெருங்கிக் கன்னாபின்னாவென்று கிறுக்கியிருந்தன.

"இதுவரைக்கும் ஆழ்ந்த தூக்கம். இங்க நீங்க கேட்டீங்க."

"இதை எடுத்துட முடியாதா?"

"முடியாது சார்."

"ஒயர் பாத்தேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க திரும்பத் தூங்கணுமே சார். அதுக்குச் சொன்னேன். டாக்டர்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது. சத்தத்தோட பதிவாகியிருக்கு. வியாழக்கிழமை ரிப்போர்ட் வாங்க வரும்போது ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுவாங்க."

மெத்தைக்காரர் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுலயும் கேப்பீங்களா சார்?"

"எப்பவாவது."

ஒயர்க்காரன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காதது மெத்தைக்காரருக்குப் பிடிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒயர்களைக் கழற்றியபோது அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். லீவு விட்ட பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். கன்னத்தில் தலையணையின் தையல் பதிந்திருந்தது.

"எத்தனை தடவை முழிச்சேன் தம்பி?"

"ஒரே தடவைக்கா."

"அதுவும் நீங்க ஒயரைப் பாத்ததாலதான்."

ஒயர்க்காரன் பஞ்சை நனைத்து அவள் நெற்றியைத் துடைத்தான். மெத்தைக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடி திறந்து மூடினார்.

"உங்களாலதான் தூங்கினேன்."

"நான் ஒண்ணுமே பண்ணலையேக்கா."

"அதான்" என்றாள்.

கடை வேன் வாசலில் நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துத் தூங்கும் படம். வெயில் பட்டு அவள் முகம் வெளுத்திருந்தது. மனைவி அந்தப் படத்தை உரசிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். அவர் ஏறி உட்கார்ந்து, அவள் காதோரம் காய்ந்திருந்த பசையைக் கிள்ளி எடுக்கப் போனார்.

"விடுங்க. தலைக்கு ஊத்தினா போயிடும்."

அவர் கையை எடுத்துக்கொண்டு சாவியைப் போட்டார்.

"அக்காவுக்கு போன் பண்ணணும். நான் தூங்கினேன்னு சொன்னா நம்பவே மாட்டா."

"இப்பவேயா?"

"இப்ப வேணாம். வியாழக்கிழமை டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுப் பேசிக்கறேன்." கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று பட உட்கார்ந்தாள். கொட்டாவி விட்டாள். நல்ல தூக்கத்துக்குப் பின் வருகிற கொட்டாவி.

வேன் புறப்பட்டது. மருத்துவமனை வாசலைத் தாண்டி, சிக்னலில் நின்றது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் வேனில் தூங்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவளையும் பார்த்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல் புருவத்தைச் சுருக்கினாள். ராத்திரி முழுக்க இல்லாமல் இருந்த சுருக்கம்.

"ஏங்க."

"ம்."

"ராத்திரி நடுவுல, தூங்கிட்டியான்னு யாரோ கேட்டாங்க. அது நீங்களா, இல்ல கனவா?"